மொரிசியசின் மக்காபே காட்டிலிருந்து ஒரு நன்றி மடல்

காட்டில் மண்டும் அயல் செடிகளை அகற்றும் எங்கள் களையெடுப்புக் குழுவுக்குத் தோள்கொடுத்த பெரியோர்க்கும் உடன்பிறப்புகளுக்கும் வணக்கம்.

சென்ற வாரம் எங்கள் குழுவில் மூன்று பெண்கள் சங்கிலி ரம்பப் பயிற்சியை முடித்தோம். இந்த வேலை பெண்களுக்கு ஆகாது என்று ஐந்தாண்டுகளாகக் கேட்டுவந்த எங்களுக்கு, இதற்குத் துணைநின்றவர்களைப் பொதுவில் வணங்குவது கடமையாகிறது.

மொரிசியசின் சொந்தக் காட்டில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட மிஞ்சவில்லை. 1994-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மக்காபேயும் அடங்கிய பிளாக் ரிவர் பள்ளத்தாக்குகளிலும் சீனக் கொய்யா என்னும் அயல் செடி புதராய் மண்டிக்கிடக்கிறது. (பிளேன் ஷாம்பாஞ் சாலையோரம் அதை உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்பதில் எங்களுக்கும் ஆசை குறைவில்லை.) வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் செடி அது. அதைவிடக் கடினம், அதன் நடுவே ஒளிந்திருக்கும் கருங்காலிக் கன்றை அடையாளம் காண்பது. இத்தீவின் மரங்கள் பலவற்றில் இளங்கன்றின் இலை ஒரு வடிவிலும் வளர்ந்த மரத்தின் இலை வேறு வடிவிலும் இருப்பதால், பழகாத கண் காக்கவேண்டியதையே பிடுங்கிவிடும். மண்டியிட்டு இதைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்களே. ஆயினும் எங்கள் ஒப்பந்ததாரரின் கூலிப் பட்டியலில் இது 'இலகு வேலை', ரம்பம் பிடிப்பது 'கன வேலை'.

இத்தீவு 2002-இலேயே பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் சமஊதிய உடன்படிக்கையை ஏற்றதையும், 2019-ஆம் ஆண்டின் தொழிலாளர் உரிமைச் சட்டம் சமமதிப்புள்ள வேலைக்குச் சமஊதியம் கோருவதையும், தார்ப்பாயின் கீழ் ஒரு பிற்பகல் முழுதும் அமர்ந்து வரிவரியாக விளக்கிய தொழில்துறை அலுவலர் அம்மாவுக்கு முதல் நன்றி. பட்டியல் மாறியது, முணுமுணுப்போடுதான் மாறியது.

கிடங்குக்காரத் தம்பிக்கு அடுத்த நன்றி. கிடைத்த காலணிகளில் மிகச் சிறியது 40-ஆம் எண். முனையில் துணி திணித்துப் போட்டுக்கொண்டு, மழைக்காலச் சரிவில் ஓடைக்குள் உருண்டவள் நான். அவர் கேட்ட முதல் கேள்வி "அக்கா, உங்கள் கால் அளவு என்ன?" என்பதே. அந்த ஒரு கேள்வியில் 36, 37 எண்கள் வந்து சேர்ந்தன.

புதிய இடம் போனால் தேநீருக்குத் தண்ணீர் வைக்கும் முன்பே நான்கு கழி நட்டு, நீலத் தார்ப்பாய் சுற்றி, பெண்களுக்கு மறைவிடம் கட்டித்தரும் மேஸ்திரி ஐயாவுக்கும், என் கை நடுங்கியபோது சிரிக்காமல் சங்கிலிப் பல்லை அரம்கொண்டு தீட்டச் சொல்லித்தந்த அண்ணன்மார் இருவருக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு இரண்டு அரைமணி நேர இடைவேளை சட்டத்தில் உண்டு. தாய் மலைமுகட்டிலும் குழந்தை வாக்கோவா ஊரிலும் இருக்கையில் அதை எப்படி எடுப்பது? இரண்டையும் சேர்த்து ஒரு மணி நேரம் முன்னதாக வீடு திரும்ப ஒழுங்குசெய்து தந்தவர்களுக்கும், விடியற்காலை நாலரைக்கே எழுந்து பேரனை வாங்கிக்கொள்ளும் என் மாமியாருக்கும் நன்றி.

வரும் திங்கட்கிழமை புதிய வேலிக்குள் வேலை தொடங்குகிறது. புதிதாகச் சேரும் பெண்களுக்கு 36-ஆம் எண்ணில் இன்னும் இரண்டு சோடி தேவைப்படும் என்பதையும், தம்பி, இம்மடலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

பணிவுடன்,
குழுவின் செயலாளர், வாக்கோவா