முதலில் தராசைப் பார், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அந்த அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் மல்யுத்த அணியில் தலைமைப் பயிற்சியாளர் இடம் காலியாகிறது, விண்ணப்பிக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். பிடி சொல்லிக்கொடுப்பதில் உனக்கு ஒரு குறையும் இல்லை, அதனால் அதைப் பற்றி எழுதப்போவதில்லை. அந்த இருக்கையில் உட்கார்ந்த மறுநாளிலிருந்து உன் பொழுதை விழுங்கப்போவது வேறு சில விஷயங்கள். முதலாவது தராசு.

பத்து எடைப் பிரிவும் உனக்கு மனப்பாடம்: 125, 133, 141, 149, 157, 165, 174, 184, 197, 285 பவுண்டு. இரண்டு அணிகள் மோதும் நாளில் ஒரு பிரிவில் ஆள் இல்லையென்றால் எதிரணிக்கு 6 புள்ளி சும்மா போய்விடும். சாதாரண வெற்றிக்குக் கிடைப்பது 3தான். ஒரு காலி இடத்தை ஈடுகட்ட உன் பையன்கள் இரண்டு பேர் ஜெயிக்க வேண்டும். உதவிப் பயிற்சியாளருக்கு இந்த நெருக்கடி தூரத்துச் சத்தம். உனக்கோ அது ராத்தூக்கத்தைக் கெடுக்கும். 149 காலியாக இருக்கிறது, 165 பவுண்டு எடையில் ஒரு பையன் சும்மா உட்கார்ந்திருக்கிறான், ‘எடையைக் குறைத்து 149க்கு இறங்குடா’ என்று சொல்லிவிடத் தோன்றும்.

சொல்வதற்கு முன்னால் கணக்கைப் போட்டுப் பார். பருவம் தொடங்குமுன், யார் எந்தப் பிரிவு வரை இறங்கலாம் என்று முடிவுசெய்யும் எடைச் சான்றளிப்பு நடக்கும்போது முதலில் சிறுநீரைச் சோதிப்பார்கள். அதன் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரைப் போல் எத்தனை மடங்கு அடர்த்தி என்ற அளவு, 1.020க்கு மேல் இருந்தால் பையன் தண்ணீர் குடிக்காமல் வந்திருக்கிறான் என்று பொருள். அன்று அளவெடுக்க மாட்டார்கள். அதில் தேறினால் உடல் கொழுப்பை அளப்பார்கள். 165 பவுண்டில் 12 சதவீதம் கொழுப்பு என்று வைத்துக்கொள். கொழுப்பு நீங்கிய எடை 145.2. கொழுப்பு 5 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்பதால் அதை 0.95ஆல் வகுத்தால் 152.8 வரும். 149 அவனுக்கு மூடிய கதவு, 157தான் அவன் இடம். இன்னொரு பையனுக்கு 16 சதவீதம் கொழுப்பு இருந்து 149 அனுமதிக்கப்பட்டாலும், வாரத்துக்கு உடல் எடையில் 1.5 சதவீதத்துக்கு மேல் குறைக்க முடியாது. 165இலிருந்து 149க்கு வர ஏழு வாரம் பிடிக்கும். நவம்பர் முதல் வாரப் போட்டிக்கு அவன் வேண்டுமென்றால் செப்டம்பர் நடுவிலேயே சாப்பாட்டுத் திட்டம் தொடங்கியிருக்க வேண்டும். அக்டோபர் கடைசியில் தொடங்குகிறவன் கொழுப்பைக் குறைப்பதில்லை, தண்ணீரைப் பிழிகிறான். மோதலுக்கு ஒரு மணி நேரம் முன்புதான் எடை பார்க்கிறார்கள். பிழிந்த தண்ணீர் அதற்குள் உடம்பில் திரும்ப ஏறாது. 3, 2, 2 என்று ஏழு நிமிட ஆட்டத்தில் மூன்றாவது சுற்றில் அவன் கால் நகராமல் நிற்பதைப் பார்த்துப் பயிற்சி போதவில்லை என்று முடிவுகட்டி, இன்னும் ஓடவிட்டுக் கெடுத்துவிடாதே.

இந்த விதிகளுக்கு விலையாக மூன்று உயிர்கள் போயிருக்கின்றன. 1997 நவம்பர், டிசம்பரில், ஐந்து வாரத்துக்குள், மூன்று கல்லூரிகளில் மூன்று மாணவர்கள் எடை குறைக்கும்போதே இறந்துபோனார்கள். தண்ணீர் குடிக்காமல், வியர்வை வெளியேற முடியாத ரப்பர் உடையில், சூடேற்றிய அறையில் உடற்பயிற்சி. அதற்குப் பிறகுதான் ரப்பர் உடையும், நீராவி அறையும், சிறுநீர் பெருக்கும் மாத்திரையும் தடைசெய்யப்பட்டன. முன்பு 118 பவுண்டாக இருந்த அடிப்பிரிவும் 125 ஆனது. விதி வந்துவிட்டது, ஆனால் ஆசை போகவில்லை. கொதிக்கக் கொதிக்க வெந்நீர்க் குளியல், கதவை மூடிக்கொண்டு சைக்கிள் மிதிப்பது எல்லாம் விடுதி அறையில் நடக்கும். திங்கட்கிழமை காலை எடையைத் தவறாமல் எழுதிவை. வெள்ளிக்கிழமை எடைக்கும் அதற்கும் 10 பவுண்டு வித்தியாசம் வந்தால் அவன் தவறான பிரிவில் இருக்கிறான்.

அடுத்தது தொற்றும் தோல் நோய். படர்தாமரைக்கு 72 மணி நேரமாவது மருந்து போட்டிருந்தால்தான் களத்தில் விடுவார்கள். தலையில் வந்தால் 14 நாள் மாத்திரை. ஹெர்பெஸ் கொப்புளம் என்றால் 120 மணி நேரம் மருந்து சாப்பிட்டிருக்க வேண்டும், புதிதாக ஒன்றும் வந்திருக்கக் கூடாது, பழையது காய்ந்திருக்க வேண்டும். ஒருவன் மறைத்தால் பிப்ரவரியில் பாதி அணி படுத்துவிடும். சொன்னால் இடம் பறிபோகும் என்ற பயம்தான் மறைக்க வைக்கிறது. முதலில் வந்து சொல்கிறவனைத் திட்டாமல் இருந்தாலே பாதி பிரச்சினை தீரும்.

பணத்தைப் பற்றிக் கசப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகளாக, கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான முதல் டிவிஷனில், ஆண்கள் அணிக்கு 9.9 முழு உதவித்தொகைக்குத்தான் அனுமதி இருந்தது. முப்பது பேருக்கு அதைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தார்கள். கல்லூரி விளையாட்டு வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு அந்த உச்சவரம்பு போய், அணிக்கு 30 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. அனுமதி கிடைத்ததே தவிர பணம் கிடைக்கவில்லை. அதைத் திரட்டுவது தலைமைப் பயிற்சியாளர் தலையில்தான் விழும். பழைய மாணவர்களை இப்போதே தொடர்பில் வைத்துக்கொள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2020 ஜூலையில் மல்யுத்தத்தை மூடுவதாக அறிவித்தது. 2021 மார்ச்சில் அதன் மாணவர் ஷேன் கிரிஃபித் பல்கலைக்கழகப் பெயரே இல்லாத கறுப்பு உடையில் 165 பவுண்டில் தேசியப் பட்டம் வென்றார். மே மாதம் முடிவு திரும்பப் பெறப்பட்டது. அந்தப் பட்டத்தோடு, பழைய மாணவர்கள் விடாமல் போராடியதும் அதற்குக் காரணம். அதே 2020இல் ஓல்டு டொமினியன் பல்கலைக்கழகம் மூடிய அணி திரும்ப வரவில்லை.

பயிற்சியாளர் டான் கேபிள் ஐயோவா பல்கலைக்கழகத்தில் 21 பருவங்களில் 15 தேசியப் பட்டம் வாங்கினார், 1978 முதல் 1986 வரை தொடர்ந்து ஒன்பது. 48 வயதில் நிறுத்திக்கொண்டார். கல்லூரிக் காலத்தில் 159 ஆட்டத்தில் ஒன்றுகூடத் தோற்காத கேல் சாண்டர்சன் 2009இல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சியாளராக வந்தார், 2011இல் முதல் பட்டம், 2025 வரை பன்னிரண்டு. இவர்களோடு உன்னை ஒப்பிட்டு மிரளாதே. தேசியப் போட்டிக்கு ஒரு பிரிவுக்கு 33 பேர்தான் போகிறார்கள், முதல் எட்டு இடம் பிடிப்பவர்களுக்கு ‘ஆல் அமெரிக்கன்’ என்ற கௌரவம். உன் முதல் மூன்று ஆண்டில் ஆறேழு பேரை அங்கே அனுப்பி, ஒருவனை அந்த எட்டுக்குள் கொண்டுவந்தாலே நல்ல தொடக்கம் என்பேன்.

நேர்காணலுக்குக் கூப்பிட்டால் சம்பளத்துக்கு முன் மூன்றைக் கேள். மல்யுத்த அணிக்கென்று தனியாக ஒரு மருத்துவப் பயிற்றுநர் உண்டா? போட்டிகளுக்குப் பயணச் செலவு யார் கணக்கில்? பயிற்சி அறையில் காற்றோட்டம் எப்படி? மூன்றாவதை வாயால் கேட்பதோடு விடாதே. மாலை நான்கு மணிக்கு, பையன்கள் உள்ளே இருக்கும்போது, அந்த அறைக்குள் போய் பத்து நிமிடம் நில். விரிப்பு ஓரத்தில் பிசுபிசுப்பு இருக்கிறதா, தராசு எங்கே வைத்திருக்கிறார்கள், அதன் பக்கத்தில் தண்ணீர்க் குழாய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்