ஒன்பதாம் மாத ஊசி

நாகப்பட்டினம்,
டிசம்பர் 2023

அன்புள்ள கயலுக்கு,

புயல் வெள்ளம் புகுந்த உங்கள் வீட்டின் படங்களை நானும் அப்பாவும் பார்த்தோம். ஹாலில் தண்ணீர் நின்ற கோடு சுவிட்ச் போர்டு வரை ஏறியிருக்கிறது. பீரோ, ஃப்ரிட்ஜ் எல்லாம் போனால் போகட்டும், நீங்கள் மூன்று பேரும் பத்திரமாக வந்து சேர்ந்ததே போதும். அப்பா உன் கணக்கில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறார். மெத்தையைக் காயவைத்துத் திரும்பப் போட்டுக்கொள்ளாதே, தூக்கி எறிந்துவிடு. கேன் தண்ணீரானாலும் கொதிக்க வைத்துக் குடியுங்கள். மாப்பிள்ளை வேளச்சேரி வீட்டைக் கழுவப் போகும்போது ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்ளட்டும். காலில் கீறல் பட்டிருந்தால் டி.டி. ஊசி போட்டுக்கொள்ளச் சொல், எலிக்காய்ச்சலுக்கு மாத்திரை வேண்டுமா என்றும் டாக்டரிடம் கேட்கச் சொல்.

என் பேரன் தம்பிக்கு ஒன்பது மாதம் முடிந்து பத்தும் பாதி ஓடிவிட்டது. ஒன்பதாம் மாதம் போட வேண்டிய தட்டம்மை ஊசி இன்னும் போடவில்லை.

போனில் கேட்கும்போதெல்லாம் "பாத்துக்கலாம்மா" என்கிறாய், பிறகு பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. தடுப்பூசி அட்டை வெள்ளத்தில் போயிருந்தால் அதைச் சொல்லத் தயங்காதே. மாசமானபோது பதிந்து கொடுத்த உன் பிக்மி நம்பரைச் சொன்னால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துவிடுவார்கள். அதுவும் இல்லையென்றாலும் ஊசி போட மாட்டேன் என்று யாரும் திருப்பி அனுப்பக் கூடாது. தட்டம்மை ஊசி ஒன்று கூடுதலாகப் போட்டாலும் குழந்தைக்கு எந்தக் கெடுதலும் இல்லை. சளி இருக்கிறது, லேசாக உடம்பு சுடுகிறது என்றாலும் தள்ளிப்போட வேண்டியதில்லை.

இடுப்பளவு தண்ணீரில் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை நீ நடந்து வந்ததை மேலத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். உன் அப்பாயி இருந்திருந்தால் அவர்களும் சொல்லியிருப்பார்கள். அவ்வளவு துணிச்சல் உள்ள பெண், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஏன் வாய் திறக்க மாட்டேன் என்கிறாய்?

இப்போது நாத்தனார் வீட்டில் மூன்று குடும்பம் இருக்கிறீர்கள். பிள்ளைகள் எல்லோரும் ஒரே ஹாலில் பாய் போட்டுப் படுக்கிறார்கள் என்று நீயே சொன்னாய். அதைக் கேட்டதிலிருந்துதான் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மற்ற பிள்ளைகளின் அட்டைகளை நான் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. தட்டம்மை வந்த பிள்ளை இருமிவிட்டு அந்த அறையைவிட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை கிருமி காற்றில் இருக்கும். பாதுகாப்பு இல்லாத பத்துப் பேர் அதன் பக்கத்தில் இருந்தால் ஒன்பது பேருக்கு வந்துவிடும். தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பே பரவ ஆரம்பித்துவிடும் என்பதால், தெரிந்த பிறகு பிள்ளையைத் தனியாக வைத்தால் மட்டும் போதுமா?

சுனாமி வந்தபோது நீ ஒன்றாம் வகுப்பு. உன்னை அப்பாயியிடம் விட்டுவிட்டு நான் ஊசி மருந்து வைக்கும் நீலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனதுதான் உனக்கு ஞாபகம் இருக்கும். எங்கே போனேன் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. நம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். கீச்சாங்குப்பம், அக்கரைப்பேட்டை ஜனங்கள் கல்யாண மண்டபங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் தங்கியிருந்தார்கள். சாப்பாட்டு ஹாலில் ஆளுக்கு ஒரு பாய் அகலம் கூட இல்லை. வெளியே எல்லோருக்கும் பிணங்களைப் பற்றித்தான் பயம், அதனால் நோய் கிளம்பும் என்று எங்கு பார்த்தாலும் பிளீச்சிங் பவுடர். கடலில் அடிபட்டுச் செத்தவர்களிடமிருந்து கொள்ளைநோய் வராது, கயல். உயிரோடு இருப்பவர்களைச் சாப்பாடும் தூக்கமும் சரியாக இல்லாமல் ஒரே கூரைக்கு அடியில் நெருக்கிப் படுக்க வைத்தால் வருகிறது. அதனால்தான் முகாம் பிள்ளைகளுக்கு முதலில் தட்டம்மை ஊசியும் வைட்டமின் ஏ சொட்டும் கொடுக்கச் சொன்னார்கள். சாதாரணமாக ஒன்பதாம் மாதம் போடுவதை அங்கே ஆறு மாதத்திலேயே போட்டோம். அப்படிப் போட்ட பிள்ளைக்கு ஒன்பது மாதம் ஆனதும் இன்னொரு முறை போட வேண்டும்.

ஒரு பெண் மூத்தவனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு மிச்சமிருந்த கைக்குழந்தையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு மண்டபத்துத் தூண் ஓரம் உட்கார்ந்திருந்தாள். ஊசி என்றதும் குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "கடலே வேண்டாம்னு விட்டுட்டுப் போன புள்ள, இதை நீங்க தொடாதீங்க" என்றாள். நான் ஒன்றும் பேசவில்லை. பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூத்தவனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தாள், கேட்டுக்கொண்டே இருந்தேன். மறுநாள் போனபோது அவளே குழந்தையின் சட்டைக் கையை மடித்துவிட்டு நீட்டினாள். இன்னொரு இடத்தில் ஒரு பாட்டி, பேரனுக்கு மணல்வாரி, அதாவது தட்டம்மை, போட்டிருப்பதை மறைத்து வேப்பிலைக்கு நடுவே படுக்க வைத்திருந்தார். அம்மன் வந்திருக்கும்போது ஊசிக்காரர்களிடம் சொல்லக் கூடாதாம். வேப்பிலையும் இருக்கட்டும் பாட்டி, பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஊசியும் போடுவோம் என்று சொன்னேன்.

நம் பக்கத்தில் பயந்த அளவுக்குப் பெரிய கொள்ளைநோய் வரவில்லை. ஆனால் கடலூர் மாவட்டத்துக் கடற்கரைக் கிராமங்களில் தட்டம்மை வரத்தான் செய்தது, முன்பே ஒரு தவணை போட்டிருந்த பிள்ளைகள் சிலருக்கும் வந்தது. ஒன்பதாம் மாதம் போட்டால் நூற்றில் எண்பத்தைந்து பிள்ளைகளுக்குத்தான் எதிர்ப்புச் சக்தி வரும். அதற்காகத்தான் ஒன்றரை வயது வாக்கில் இரண்டாவது. தம்பிக்கு இன்னும் முதலாவதே ஆகவில்லை.

இந்த ஊசி வேண்டாம் என்று மாப்பிள்ளை வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட செய்தியைப் பார்த்தேன். அவர் படித்தவர், குழந்தை மேல் உள்ள அக்கறையில்தான் போட்டிருப்பார், நான் ஒன்றும் தப்பாக நினைக்கவில்லை. 2017 பிப்ரவரியில் தட்டம்மையோடு ரூபெல்லா என்ற இன்னொரு அம்மைக்கும் சேர்ந்த ஊசியை 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் போட்டபோதும் இந்த மாதிரிச் செய்திகள் வாட்ஸ்அப்பில் சுற்றின. பள்ளிக்கூட வாசலில் நின்று ஒவ்வொரு தாயிடமும் பேசியிருக்கிறேன். அவர் 2008-ஐப் பற்றிக் கேட்டாலும் நான் மறைக்க மாட்டேன். திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பிறகு நான்கு குழந்தைகள் இறந்தது உண்மை. எங்கள் எல்லோருக்கும் அன்று கை நடுங்கியது. அதன் பிறகுதான் கிராமத்துக்குள் போய்ப் போடுவதை நிறுத்தி, டாக்டர் இருக்கும் இடத்துக்கே தாய்மார்களை வரச்சொன்னார்கள். ஆகவே நீயும் கவனமாக இரு, வேண்டாம் என்று சொல்லவில்லை. குப்பியின் மேல் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளுத்திருந்தால்தான் மருந்து நல்ல மருந்து. புயலில் கரண்ட் போயிற்றே, மருந்து கெட்டிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் அதைக் காட்டச் சொல்லிப் பார். எப்போது கலக்கினீர்கள் என்றும் கேள், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திரு. நல்ல நர்ஸ் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மும்பையில் போன வருஷம் தட்டம்மையில் பிள்ளைகள் இறந்ததைப் பேப்பரில் படித்துவிட்டு உனக்குப் போன் செய்தேன். நீ அப்போது மாசமாக இருந்தாய், பயமுறுத்தாதேம்மா என்றாய். சரி, அன்று விட்டுவிட்டேன். இன்று விட முடியாது.

நீ இரண்டு பக்கமும் இழுபடுகிறாய் என்று எனக்குத் தெரியும். புகுந்த வீட்டுப் பேச்சில் நான் தலையிட்டதில்லை, பெயர் வைக்கும்போது கூட வாய் திறக்கவில்லை. ஆனால் ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் போட்டுவிட்டு என் பேரனுக்கு நாள் தவறுவதைப் பார்த்துக்கொண்டு இருக்க என்னால் ஆகாது. பேச வேண்டியிருந்தால் மாப்பிள்ளையிடம் நானே பேசுகிறேன். அவர் என்ன கேட்டாலும் பதில் சொல்கிறேன், குரலை உயர்த்த மாட்டேன்.

செவ்வாய் ராத்திரி காரைக்கால் எக்ஸ்பிரஸில் கிளம்புகிறேன், அப்பா டிக்கெட் எடுத்துவிட்டார். புதன்கிழமை ஊசி போடும் நாள், நானும் நீயும் தம்பியைத் தூக்கிக்கொண்டு போய் வந்துவிடலாம். மாப்பிள்ளைக்கு வேலை இருந்தால் அவர் அலைய வேண்டாம். பருப்புப் பொடியும் கருவாடும் கொண்டு வருகிறேன், நாத்தனார் வீட்டில் கருவாடு ஆகுமா என்று கேட்டுச் சொல். அட்டை இருந்தால் இன்றைக்கே படம் எடுத்து அனுப்பு, நனைந்திருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அம்மா

பி.கு.: இந்த ஊசிக்குக் காய்ச்சல் அன்றே வராது. ஒரு வாரம், பத்து நாள் கழித்து லேசாகச் சுடலாம், சில பிள்ளைகளுக்கு மெல்லிய தடிப்பும் தெரியும். அது தானாகப் போய்விடும். தாய்ப்பாலை நிறுத்தாதே. அதற்குள் நான் ஊருக்குத் திரும்பியிருந்தால் ராத்திரி எந்த நேரமானாலும் போன் செய்.