விமானம் ஏறாத பரிமாற்றமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுப் பள்ளிகளுடன் மாணவர் பரிமாற்றம் என்றாலே விமான நிலையத்தில் கையசைத்து நிற்கும் பிள்ளைகளின் படம்தான் பத்திரிகையில் வருகிறது. போட்டியில் வென்ற அரசுப் பள்ளி மாணவர்களை அரசு வெளிநாடு அழைத்துப் போவதில் எங்களுக்குக் குறையேதும் இல்லை. ஆனால் இராமநாதபுரம் கடலோரத்தில் பள்ளிக்கூடம் ஒட்டாமல் தவிக்கும் பிள்ளை அந்தப் படத்தில் வரவே வழியில்லை. மண்டபம் முகாமில் வளரும் இலங்கைத் தமிழ்க் குழந்தையிடம் இந்தியக் கடவுச்சீட்டு இல்லை. மீன் பிடிக்கப் போன அப்பா படகோடு பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருக்கும்போது எந்தப் பிள்ளையும் பேச்சுப்போட்டிக்குப் பெயர் கொடுக்காது. அம்மா கடல்பாசி எடுக்கப் போகும் நாட்களில் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடும் பெண்ணைத் தேர்வுப் பட்டியலில் யார் சேர்ப்பார்கள்?

இவர்களுக்கு உதவக்கூடியது தபாலிலும் செல்பேசியிலும் நடக்கும் பரிமாற்றம். அதில் முழு வகுப்பும் பங்கெடுக்கும், செலவும் குறைவுதான். ஆனால் அதைச் செய்யவேண்டிய விதத்தில் செய்யாவிட்டால், ஓரத்தில் இருக்கும் பிள்ளை இன்னும் ஓரத்துக்குத்தான் போகும்.

நம்மோடு இணையும் வெளிநாட்டுப் பள்ளியைத் தேடும்போதே பலர் கோட்டை விடுகிறார்கள். நேரே இங்கிலாந்துக்கு ஓடினால் இங்கிலீஷ் பேசத் தெரிந்த மூன்று பேர் பேசுவார்கள், மீதிப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். முதல் ஆண்டு தமிழ் பேசும் பள்ளியோடு தொடங்குவதே நல்லது. மலேசியாவில் 500-க்கும் மேற்பட்ட தேசிய வகைத் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவை ஆறாம் ஆண்டு வரை உள்ள தொடக்கப் பள்ளிகள் என்பதால் நம் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளுக்குச் சரியான ஜோடி. இலங்கையின் வடக்கு, கிழக்கு, மலையகத்தில் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு, சிங்கப்பூரில் தமிழ் தாய்மொழிப் பாடமாக இருக்கிறது.

நேரக் கணக்கையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம். மலேசியாவும் சிங்கப்பூரும் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகின்றன. நம் காலை 9.30 அங்கே நண்பகல் 12, அதைத் தாண்டினால் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். இங்கிலாந்தில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுவார்கள். அது தெரியாமல் ஒரு மணி நேரம் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த வகுப்புகள் உண்டு. சிங்கப்பூரில் கல்வியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. நாம் அக்டோபரில் ஆரம்பித்தால் இரண்டு மாதத்தில் அங்கே வகுப்பே மாறிவிடும். நமக்கும் செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, பிறகு வடகிழக்குப் பருவமழை, மின்தடை, மழை விடுமுறை, டிசம்பரில் அரையாண்டு. ஆகவே ஜூலை, ஆகஸ்ட் மாதங்களை விட்டால் ஜனவரி, பிப்ரவரிதான். பெற்றோர் ஒப்புதலை ஜூன் தொடக்கத்திலேயே வாங்கிவிடுவது புத்திசாலித்தனம். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை இருப்பதால் விசைப்படகுக்குப் போகும் அப்பாக்கள் அப்போதுதான் வீட்டில் இருப்பார்கள்.

வரிசை முக்கியம்: முதலில் கடிதப் பொதி, அடுத்து குரல் பதிவு, கடைசியில்தான் வீடியோ. முன்பின் தெரியாத முகங்கள் முதல் நாளே திரையில் தோன்றினால் கூச்சமுள்ள பிள்ளை வாயே திறக்காது. பெயரும் கையெழுத்தும் பழகிய பிறகு பார்த்தால் "இவன்தான் அந்தக் கோழிப் படம் போட்டவன்" என்று தானே பேச்சு வரும்.

கடிதத்தில் அடிக்கடி நேரும் தவறு எண்ணிக்கை. இங்கே 34 பேர், அங்கே 27 பேர் என்றால் ஏழு பேருக்குப் பதில் வராது. பெரும்பாலும் அன்று பள்ளிக்கு வராத ஏழு பேராக அது இருக்கும், அதாவது யாருக்காக இதைத் தொடங்கினோமோ அவர்களாகவே. மூன்று, நான்கு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, குழுவுக்குக் குழு எழுத வைத்தால் இந்தச் சிக்கல் வராது.

பொதியோடு ஒரு துணிப் பொம்மையையும் அனுப்பலாம். 1988-இல் நியூயார்க், மாஸ்கோ பள்ளிகளைக் கணினி வழி இணைத்துத் தொடங்கிய ஐ-எர்ன் என்ற ஆசிரியர் வலையமைப்பில் இது பழைய வழக்கம். இரு வகுப்புகள் ஆளுக்கொரு கரடி பொம்மையை அனுப்பிக்கொள்ளும். விருந்தாளிப் பொம்மை பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்வரும், அதன் பெயரில் நாட்குறிப்பு எழுதி அதன் ஊருக்கு அனுப்புவார்கள். தன்னைப் பற்றி எழுதத் தயங்கும் பிள்ளை பொம்மையின் வாயால் தாராளமாக எழுதும். நம் ஊரில் முதல் இரண்டு வீடுகளை ஆசிரியர் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பொதியைப் பிரிப்பது, பெயர்களை உரக்கப் படிப்பது, பொம்மையை முதலில் வீட்டுக்குக் கொண்டுபோவது ஆகிய வேலைகளை இதுவரை யாரும் எதற்கும் அழைக்காத பிள்ளைகளிடம் கொடுங்கள், காரணத்தை வெளியில் சொல்லாதீர்கள். நாலு பேருக்கு முன் விருந்தாளியை வரவேற்றவனை மறுநாள் ஒதுக்கிவைப்பது அவ்வளவு எளிதல்ல.

பொதியில் என்ன வைப்பது என்றதும் ராமேஸ்வரம் பிள்ளைகள் கரையில் பொறுக்கியதைத்தான் கொண்டுவருவார்கள். பவளத் துண்டு, கடல்குதிரை, சிலவகைச் சங்குகள் எல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை, அனுப்பினால் ஆசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும். பனையோலை, விதை, உலர்ந்த பாசி ஆகியவற்றைப் பல நாடுகளின் சுங்கத்தில் தடுத்துவிடுவார்கள். காகிதமும் துணியும் போதும். வலை முடிச்சு போடுவதை ஆறு படங்களாக வரைந்து, கூடவே ஒரு முழ நூலும் வைத்தால் அங்கே வகுப்பே உட்கார்ந்து முடிச்சுப் போடும். எந்தச் சேவையில் எவ்வளவு எடை வரை அனுப்பலாம் என்று தபால் நிலையத்தில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சுங்கப் படிவத்தில் "விற்பனைக்கல்ல" என்று எழுத மறக்க வேண்டாம்.

வீடியோ அழைப்பு இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மின்விசிறிக்கு நேர் கீழே ஒலிவாங்கியை வைத்தால் அக்கரைக்கு வெறும் இரைச்சல்தான் போகும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் கருப்பாகத் தெரியும், ஜன்னலைப் பார்த்து உட்கார வேண்டும். ஒரு நேரத்தில் ஐந்து பேர் மட்டும் திரைக்கு முன் வரட்டும்.

இலங்கைப் பள்ளியோடு இணைந்தால் கடல் பிரச்சினை வராமல் இருக்காது. இங்கே அப்பா சிறையில் இருக்கும் பிள்ளை இருக்கும். அங்கே நம் விசைப்படகு வலையை அறுத்துப்போன வீட்டுப் பிள்ளை இருக்கும். இரண்டையும் பட்டிமன்றமாக்கக் கூடாது. பிள்ளை தானாகச் சொன்னால் கேட்கலாம், கேள்வியாகக் கேட்கக் கூடாது என்று இரு ஆசிரியர்களும் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். முகாம் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. "எங்கள் அகதி மாணவர்" என்று முன்னால் நிறுத்துவது வரவேற்பே ஆகாது. அவர்களின் புகைப்படம், முழுப்பெயர், பூர்வீக ஊர் எதுவும் வெளியே போகக் கூடாது. இருபுறமும் உறவினர்கள் இருக்கிறார்கள்.

அங்கிருந்து பணம் அனுப்புகிறோம் என்றால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்க முடியாது. அதைவிட, பணம் நுழைந்த நாளே ஒரு பக்கம் கொடுப்பவர், ஒரு பக்கம் கேட்பவர் என்றாகிவிடும்.

பலன் இருந்ததா என்று அறிய, பீசா (PISA) என்ற பன்னாட்டு மாணவர் மதிப்பீட்டு ஆய்வு பல நாடுகளில் கேட்கும் வாக்கியங்களே போதும்: "பள்ளியில் வெளியாள் போல உணர்கிறேன்", "எனக்கு எளிதில் நண்பர்கள் கிடைக்கிறார்கள்", "பள்ளியில் தனிமையாக இருக்கிறேன்". பெயர் எழுதாத சீட்டில் ஜூலையில் ஒருமுறை, முடிந்தபின் ஒருமுறை. (அந்த ஆய்வின் 2009 சுற்றில் இந்தியாவிலிருந்து கலந்துகொண்ட இரு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அப்போது மதிப்பெண்ணைப் பற்றி மட்டுமே பேசினோம்.)

மாவட்டக் கல்வி நிர்வாகத்திடம் எங்கள் கோரிக்கை ஒன்றே. ஒவ்வொரு தலைமையாசிரியரும் தனித்தனியாக விண்ணப்பித்துக் காத்திருக்காமல், நிபந்தனைகளையும் ஒப்புதல் படிவத்தையும் சேர்த்து ஒரே சுற்றறிக்கையாகப் பள்ளி திறக்கும் வாரத்தில் வெளியிட வேண்டும். அனுமதி ஆகஸ்ட் கடைசியில் கைக்கு வந்தால் தேர்வு வந்துவிடும், அதன் பிறகு மழை.

இப்படிக்கு,
கடலோர அரசுப் பள்ளி ஆசிரியர்கள் சிலர்,
இராமநாதபுரம் மாவட்டம்.