நடக்காத லெசனுக்கு காசும் ஸ்லாட்டும் திருப்பிக் கொடுங்க

வணக்கம் மேனேஜர் சார் / மேடம்,

ஈமெயில் போட்டா ஆட்டோ ரிப்ளை, போன் பண்ணா கவுண்டருக்கு வாங்கன்றாங்க, கவுண்டருக்கு வந்தா ஆப்ல பாருங்கன்றாங்க, ஆப்ல பாத்தா லெசன் முடிஞ்சதுன்னு போட்டிருக்கு. அலைஞ்சு ஓஞ்சு போய்தான் இதை எழுதுறேன், தயவுசெஞ்சு முழுசா படிங்க.

நான் உங்க டிரைவிங் ஸ்கூல்ல 2பி, அதான் சின்ன பைக் லைசென்ஸுக்கு கத்துக்கிறேன். தியரி ரெண்டும் பாஸ். போன மாசம் பிளாங்க் (ஒடுக்கமான நீளப் பலகை மேல ஓட்டுறது), கிராங்க் (குறுகலான மடக்கு வளைவு), எட்டு போடறது எல்லாம் வர்ற லெசனுக்கு வந்தேன். ஹெல்மெட், முட்டி கார்டு எல்லாம் மாட்டி வார்ம் அப் போயிட்டிருக்கும்போதே மின்னல் வார்னிங், எல்லாரையும் ஷெல்டருக்கு போகச் சொல்லிட்டாங்க. சரி, மின்னல்ல ஓட்ட விடுங்கன்னு நான் கேக்கல. ஆனா மழை விட்டப்போ எங்க டைம் முடிஞ்சு அடுத்த பேட்ச் வந்து நிக்குது. இன்ஸ்ட்ரக்டர் நல்ல மனுசன், கவலைப்படாதம்மா ஆபீஸ்ல வேற ஸ்லாட் போட்டுத் தருவாங்கன்னு சொன்னாரு.

ஆபீஸ்ல என்ன நடந்துச்சு தெரியுமா? கவுண்டர்ல இருந்த அந்தம்மா போன்ல இருந்து தலையக்கூட தூக்கல. அட்டெண்டன்ஸ் விழுந்திருச்சு, ஒண்ணும் பண்ண முடியாது, வேணும்னா காசு கட்டி திரும்ப புக் பண்ணுங்கன்னாங்க. பிளாங்க்ல சக்கரமே ஏத்தாம எப்படிங்க லெசன் முடியும்னு கேட்டேன். அதுக்கு, பைக் எல்லாருக்கும் செட் ஆகாது, பேசாம எம்ஆர்டி ரயில்லயே போங்கன்னு சொல்லிட்டு பக்கத்துல இருந்தவங்கள பாத்து சிரிக்கிறாங்க! பின்னாடி வரிசைல அத்தனை சின்னப் பசங்க.

மேடம், எனக்கு சாங்கி ஏர்போர்ட் கார்கோல காலைல 5 மணி ஷிப்ட், வீடு சிங்கப்பூரோட இன்னொரு கோடில, சுவா சூ காங்ல. அந்த நேரத்துக்கு எம்ஆர்டியே கிடையாது, அதனாலதான் பைக் கத்துக்கவே வந்தேன். நீங்க இழுத்தடிச்ச நாளெல்லாம் நான் கிராப் டாக்ஸிக்கு கொடுத்த காசுல சிஓஇ-யோட (வண்டி வச்சுக்க வாங்கற சர்டிபிகேட்) சேத்து ஒரு பைக்கே வாங்கியிருப்பேன். என் சம்பளம் முழுக்க அதுலயே போச்சு.

பிளாங்க் எவ்ளோ முக்கியம்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? ஹாஃப் கிளட்ச் பிடிச்சு, பின் பிரேக்க லேசா மிதிச்சு, கீழ பாக்காம நேரா பாத்து போகணும், அது கால்லயும் கைலயும் ஊறணும், வீடியோ பாத்து வராது. டெஸ்ட்ல பிளாங்க்ல இருந்து விழுந்தா அப்பவே ஃபெயில், மத்த தப்பெல்லாம் சேந்து 18 பாயிண்டுக்கு மேல போனாலும் ஃபெயில். சொல்லித் தராமலே என்னை அடுத்த லெசனுக்கு தள்ளி விட்டு நாளைக்கு ரோட்டுல லாரிக்கு பக்கத்துல நான் விழுந்தா யார் பதில் சொல்றது? 2பி-க்கு வெளிய பிரைவேட்டா கத்துக்க வழி இல்ல, ஸ்கூலுக்குத்தான் வரணும், அந்த தைரியம்தானே உங்களுக்கு? இன்னும் மனசு ஆறல, அந்தச் சிரிப்பு!

கோவத்துல கொஞ்சம் அதிகமா எழுதியிருந்தா பொறுத்துக்குங்க. உங்க இன்ஸ்ட்ரக்டர்கள் மேல எனக்கு மரியாதை இருக்கு, முதல் நாள் பைக்க தள்ளக்கூட தெரியாம வந்தவள கியர் மாத்த வச்சது அவங்கதான். அதனாலதான் முதல்ல உங்களுக்கே எழுதுறேன்.

அந்த லெசன காசு வாங்காம திரும்ப கொடுங்க, அதுவும் என் பிடிஎல் (ஓட்டிப் பழகுற லைசென்ஸ்) முடியறதுக்குள்ள, காலைல 5 மணி ஷிப்ட் முடிஞ்சு வர்ற மாதிரி மத்தியானத்துல. அந்தம்மா என்கிட்ட மன்னிப்பு கேக்கணும், இத நான் விட மாட்டேன். இன்னும் ஒரு வாரத்துல பதில் வரலன்னா கேஸ் (CASE) நுகர்வோர் சங்கத்துகிட்ட புகார் போகும், அப்புறம் ஸ்மால் கிளெய்ம்ஸ் மன்றம். அங்க 20,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம்னு எனக்கும் தெரியும். டிராஃபிக் போலீஸுக்கும் ஒரு காப்பி அனுப்புவேன்.

ரசீது, அன்னிக்கு புக்கிங் ஸ்கிரீன்ஷாட் ரெண்டும் இதோட வச்சிருக்கேன். பதில ஈமெயில்லயே எழுத்துல அனுப்புங்க, கவுண்டருக்கு வாங்கன்னு மட்டும் திரும்ப சொல்லாதீங்க.

இப்படிக்கு,
உங்க 2பி மாணவி