அம்மாவின் பற்களைப் பற்றி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. டிசம்பர் விடுமுறைக்கு வரும்போது அம்மாவைச் சென்னைக்கு அழைத்துப் போய், இம்ப்ளான்ட், அதாவது தாடை எலும்புக்குள் திருகி இறக்கும் செயற்கைப் பல் வேர், வைத்து ஒரே நாளில் நிலையான பல் வரிசையைப் பொருத்திக்கொண்டு வந்துவிடலாம் என்று நீ சொன்னதிலிருந்து, அதைப் பற்றியே படித்துக்கொண்டும் விசாரித்துக்கொண்டும் இருக்கிறேன். போனில் பேசினால் பாதியில் வேறு பேச்சு வந்துவிடுகிறது. அம்மாவும் பக்கத்திலேயே இருக்கிறாள். அதனால்தான் கடிதம். அம்மாவுக்கு இந்தச் சிகிச்சை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சென்னையிலும் வேண்டாம், டிசம்பரிலும் வேண்டாம் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

அம்மாவின் மேல் பல் செட்டு அண்ணத்தை ஒட்டிப் பிடித்துக்கொண்டு ஓரளவு நிற்கிறது. கீழ்ச் செட்டுதான் அவளை வாட்டுகிறது. கீழே பற்றிக்கொள்ள அண்ணம் கிடையாது. லாட வடிவில் ஒரு மெல்லிய ஈறு மேடு மட்டும் இருக்கிறது, அதன் உட்புறத்தில் நாக்கு ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கிறது. பல் போன இடத்தில் தாடை எலும்பு முதல் ஆண்டில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் ஆயுள் முழுவதும் கரைந்துகொண்டே போகும் என்பதால், செய்தபோது கச்சிதமாக இருந்த செட்டு இன்று வாயில் மிதக்கிறது. காரட்டை நான்கு விசில் விட்டு மசித்தால்தான் சாப்பிட முடிகிறது. மாலையில் வர்க்கியைத் தேநீரில் முக்கி, அதன் அடுக்குகள் எல்லாம் ஊறிக் குழைந்த பிறகே வாயில் வைக்கிறாள். அப்போதும் ஒரு துணுக்கு செட்டுக்கு அடியில் போய் ஈறைக் குத்துகிறது, உடனே எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுகிறாள். உறவினர் வீட்டு விசேஷங்களில் பந்தியில் உட்காருவதையே நிறுத்திவிட்டாள். இதையெல்லாம் அவள் உன்னிடம் சொல்லமாட்டாள் என்பதால் நான் சொல்கிறேன்.

இந்த வைத்தியத்தின் அடிப்படை நன்கு சோதிக்கப்பட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. சுவீடனைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் பிரானேமார்க் 1950களில் முயலின் எலும்புக்குள் டைட்டானியக் கருவியைப் பொருத்தி இரத்த ஓட்டத்தை ஆராய்ந்தபோது, ஆய்வு முடிந்த பின் அந்தக் கருவியைக் கழற்ற முடியாத அளவுக்கு எலும்பு அதோடு இணைந்திருப்பதைக் கண்டார். 1965இல் முதல் மனிதருக்கு அதே உலோகத்தில் பல் வேர்களைப் பொருத்தினார். அந்த நோயாளி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவற்றைப் பயன்படுத்தினார். பிறகு 1990களில் லிஸ்பனைச் சேர்ந்த பல் மருத்துவர் பாலோ மாலோ, ஒரு தாடையின் முழு வரிசையையும் நான்கே இம்ப்ளான்டுகளில் நிறுத்தும் முறையை உருவாக்கினார். முன்னால் இரண்டை நேராக இறக்கி, பின்னால் இரண்டை, பந்தலின் ஓரக் கால்களைச் சாய்த்து ஊன்றுவது போல 45 பாகை வரை சாய்த்து இறக்குகிறார்கள். கீழ்த் தாடையில் கடைவாய்ப் பற்களுக்குக் கீழே உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது. மேல் தாடையில் சைனஸ் என்னும் காற்றறை இருக்கிறது. சாய்த்து இறக்குவதால் இவற்றைத் தொடாமல், எலும்பு மிச்சமிருக்கும் முன்பகுதியிலேயே நான்கையும் ஊன்றிவிட முடிகிறது. எலும்பு ஒட்டு வைக்கும் தேவையும் பலருக்கு இல்லாமல் போகிறது.

இனி, "ஒரே நாளில்" என்ற சொல்லுக்கு வருகிறேன். அந்த ஒரு நாளில் பொருத்துவது அக்ரிலிக்கில் செய்த தற்காலிக வரிசைதான். நிரந்தர வரிசை, அது சிர்கோனியா என்னும் உறுதியான பீங்கானாக இருந்தாலும் டைட்டானியக் கம்பியின் மேல் அமைத்த பற்களாக இருந்தாலும், எலும்பு இம்ப்ளான்டோடு இணைவதற்கு மூன்று முதல் ஆறு மாதம் கொடுத்த பிறகே வரும். அன்றைக்கே தற்காலிக வரிசையைப் பூட்டலாமா என்பதும் முன்கூட்டி வாக்குக் கொடுக்கக்கூடிய காரியம் அல்ல. இம்ப்ளான்டை முறுக்கி இறக்கும்போது அது எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று அளந்து பார்த்து, போதுமான பிடி இருந்தால்தான் பூட்டுவார்கள், இல்லையென்றால் மூடி வைத்துக் காத்திருப்பார்கள்.

இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்த செய்தி ஒன்று உண்டு. முதல் நாள் இம்ப்ளான்டைப் பிடித்திருப்பது பழைய எலும்பின் இறுக்கம். அடுத்த சில வாரங்களில் உடம்பு அந்தப் பழைய எலும்பைக் கரைத்துப் புதிய எலும்பை உருவாக்குகிறது. பழையது தளர்ந்து புதியது இன்னும் வலுப்பெறாத அந்த இடைக்காலத்தில், ஏறக்குறைய மூன்றாவது நான்காவது வாரங்களில், பிடி முதல் நாளைவிடக் குறைவாக இருக்கும். அதற்குள் வலியும் வீக்கமும் வடிந்து, பல் உறுதியாகத் தெரிவதால், நோயாளிக்கு முறுக்கையும் சீடையையும் கடிக்கத் துணிவு வந்துவிடும். உன் விடுமுறை இரண்டு வாரம். எல்லாம் நன்றாகத் தோன்றும் நாட்களில் நீ உடன் இருப்பாய். கவனம் தேவைப்படும் நாட்கள் தொடங்கும்போது நீ விமானம் ஏறியிருப்பாய், டாக்டர் சென்னையில் இருப்பார், நாங்கள் கோத்தகிரியில் இருப்போம். மழையில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டால் இந்த மலையிலிருந்து இறங்குவது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

அவள் உடம்பைப் பற்றியும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்காக வாரம் ஒரு நாள் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரையை ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் உட்கார்ந்திருக்கிறாளே, அது அலெண்ட்ரோனேட். எலும்பு கரைவதைத் தடுக்கும் அந்த மருந்தை நெடுங்காலம் எடுத்தவர்களுக்கு, தாடையில் அறுவை செய்த இடம் ஆறாமல் எலும்பு பட்டுப்போகும் அபாயம் சிறிதளவு உண்டு. ஊசியாகப் போட்டுக்கொள்பவர்களுக்கு உள்ளதைவிட மாத்திரைக்காரர்களுக்கு அது மிகக் குறைவு என்றாலும், பல் டாக்டரும் எலும்பு டாக்டரும் கலந்து பேசாமல் கத்தி வைக்கக் கூடாது; நாமாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது. நீ அனுப்பிய அந்தச் சென்னை விளம்பரத்தில் விலை இருக்கிறது, தவணை இருக்கிறது, மாத்திரைகளைப் பற்றி ஒரு கேள்வி கூட இல்லை. சர்க்கரையும் இருக்கிறது. மூன்று மாதச் சராசரி போன முறை 7.8 வந்தது. கட்டுப்படாத சர்க்கரை புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும், பின்னால் தொற்றுக்கும் வழி செய்யும். ஆகவே அதை ஏழுக்கு அருகில் கொண்டுவருவதைத்தான் சிகிச்சையின் முதல் படியாக நான் கருதுகிறேன். காலை நடையை மறுபடி தொடங்கியிருக்கிறோம்.

பூட்டிய பிறகும் வேலை முடிவதில்லை. சொத்தை இம்ப்ளான்டுக்கு வராது, ஆனால் ஈறு நோய் வரும். வரிசைக்கும் ஈறுக்கும் இடையே உணவு தங்கி, சுற்றியுள்ள ஈறு வீங்கி, கவனிக்காவிட்டால் எலும்பு இறங்கி, கடைசியில் நன்றாக நின்ற இம்ப்ளான்டே ஆடத் தொடங்கும். இயற்கைப் பல்லைச் சுற்றி அதை எலும்போடு பிணைக்கும் நார்ப் படலம் இதற்குக் கிடையாது என்பதால் வலி வந்து எச்சரிப்பதும் குறைவு. தினமும் தண்ணீர் பீய்ச்சும் கருவியாலும் சிறு பிரஷ்ஷாலும் வரிசைக்கு அடியில் சுத்தம் செய்ய வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் காட்ட வேண்டும். தேவைப்படும்போது அவர் திருகுகளைக் கழற்றி வரிசையை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து மறுபடி பூட்டுவார். திருகு தளர்வதும் பல் ஒன்று சில்லு போவதும் நடக்கக்கூடியவைதான். ஆகவே நாம் தேட வேண்டியவர், இன்னும் பத்து ஆண்டுக்கு அம்மா காலையில் புறப்பட்டுப் போய் மாலைக்குள் வீடு திரும்பக்கூடிய தூரத்தில் இருக்கும் ஒருவர். மேட்டுப்பாளையம் வரை 33 கிலோமீட்டர் மலைப்பாதை, அதன்பின் கோவை. அதற்கு மேல் தூரம் அவளுக்கு ஆகாது.

இரண்டே இம்ப்ளான்டில் பொத்தான் மாதிரி அழுத்திப் பொருத்தி, இரவில் கழற்றி வைக்கும் கீழ்ச் செட்டும் உண்டு. செலவு மிகக் குறைவு, சுத்தம் செய்வது எளிது. 2002இல் மாண்ட்ரியலில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த் தாடைக்கு முதல் தேர்வாக இதையே சொன்னார்கள். கணக்குப் பார்த்தால் நானும் இதையே சொல்லியிருப்பேன். ஆனால் அம்மாவிடம் இரண்டையும் விளக்கியபோது, "ராத்திரி கழட்டி டம்ளர்ல போடறது எதுவும் இனிமேல் எனக்கு வேண்டாம்" என்றாள். இத்தனை ஆண்டுகளில் தனக்கென்று அவள் கேட்டது மிகக் குறைவு. எனவே ஸ்கேனில் எலும்பு இடம் கொடுத்தால் கீழ்த் தாடைக்கு நிலையான வரிசையே போகட்டும். மேலே இப்போதைக்குப் புதிதாக ஒரு செட்டு போதும். கீழே உறுதியான பல் வந்ததும் மேல் செட்டின் மீது அழுத்தம் கூடும் என்பதால் அதையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

என் திட்டம் இது. இந்த மாதமே கோவையில் தாடையின் முப்பரிமாண ஸ்கேன் எடுத்து, எலும்பு டாக்டரிடம் மாத்திரை குறித்து எழுத்தில் கருத்து வாங்கிவிடுகிறேன். சர்க்கரை இறங்கினால் மழை ஓய்ந்த தை மாதக் கடைசியில் அறுவை. ஆடி, ஆவணிக்குள் நிரந்தர வரிசை. அடுத்த ஐப்பசி மழைக்கு முன் எல்லாம் முடிந்துவிடும். நடுவில் மே மாத ஊட்டி மலர்க் காட்சிக் கூட்டத்தில் மலைப்பாதை நெரிசலாக இருக்கும் வாரங்களில் மட்டும் டாக்டரிடம் நாள் வாங்காமல் இருந்தால் போதும். எந்தக் கம்பெனி இம்ப்ளான்ட், என்ன அளவு, என்ன தொகுதி எண் என்று எழுதிய அட்டையைக் கட்டாயம் கேட்டு வாங்குவேன். நாளைக்கு வேறு டாக்டர் ஒரு திருகை மாற்ற வேண்டுமென்றாலும் அது இல்லாமல் முடியாது.

சென்னைக்கு முன்பணம் கட்ட வேண்டாம். கட்டியிருந்தால் திருப்பிக் கேள். டிசம்பரில் வருவதாக இருந்தால் சும்மா வா, அம்மாவோடு இரு. லீவை மாற்ற முடியுமானால், அறுவை முடிந்த மூன்றாவது வாரத்தில் இங்கே இருக்கும்படி வைத்துக்கொள். குழைந்த சாதம் அலுத்துப்போய் அவள் அடம்பிடிக்கும் நேரத்தில் என் பேச்சைவிட உன் பேச்சைத்தான் கேட்பாள். ஸ்கேன் வந்ததும் படங்களையும் செலவு மதிப்பீட்டையும் அனுப்புகிறேன், பார்த்துவிட்டு உன் கருத்தைச் சொல்.

அன்புடன்,
அப்பா