காம்பவுண்ட் சுவர் எழுப்பும் முன்…

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

காங்கேயம், தாராபுரம் பக்கம் புதுவீடு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் நாலு பக்கமும் ஆறடிக்கு ஹாலோபிளாக் சுவரை எழுப்பிவிட்டு, அப்புறம்தான் "உள்ளே என்ன செடி வைக்கலாம்?" என்று எங்கள் நர்சரிக்கு வருகிறார்கள். சுவருக்கு அஸ்திவார வானம் தோண்டும் முன்பே வாருங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல்.

ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கெட்டிச் சுவரில் மோதினால் அது நின்றுவிடாது. மேலேறி, உள்பக்கம் சுழன்று இறங்கும். சுவரை நம்பி வைத்த முருங்கையும் வாழையும் அதில்தான் முறிகின்றன. செடிகளை நெருக்கி வளர்த்த உயிர்வேலியோ காற்றில் பாதியைப் பிடித்துக்கொண்டு மீதியை விட்டுவிடும். ஐந்தடி உயரத்துக்கு அடர்ந்து நின்றால், ஏறக்குறைய ஐம்பதடி தூரம் வரை வேகம் தணிந்திருக்கும். அதனால் மேற்கே சுவர் வேண்டாம். காவல் அவசியம் என்றால் கல்கால் நட்டுக் கம்பி இழுத்து, அதை ஒட்டிக் கிளுவை வையுங்கள்.

நம் கொறங்காட்டு மேய்ச்சல் நில வேலிகளில் தலைமுறை தாண்டி நிற்கிறதே, அதே கிளுவைதான். இலை உதிர்ந்து நிற்கும்போது முற்றிய கிளையைப் போத்தாக வெட்டி, மழைக்கு முன் நெருக்கமாக ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். தளிரை ஆடு விடாது. முதல் வருடம் முள் அடைத்துக் காக்க வேண்டும். அது முடியாதவர்களுக்கு ஆடாதோடையும் நொச்சியும் இருக்கின்றன, ஆடு வாய் வைக்காது. எதை வைத்தாலும் முழங்கால் உயரத்திலேயே நுனி கிள்ளத் தொடங்குங்கள். வளரட்டும் என்று விட்டால் அடியில் நாய் நுழையும் சந்து விழும், பிறகு அது அடையாது. வெட்டும்போது அடி அகலமாகவும் தலை குறுகலாகவும் இருக்கட்டும்; கீழ் இலைக்கும் வெயில் வேண்டும்.

சாலைப் பக்கம் தூசிக்கும் சத்தத்துக்கும் சுவர்தான் சரி. கிழக்குச் சுவரில் மட்டும் கவனம் தேவை. அதன் உள்முகம் மதியம் முழுக்க வெயில் வாங்கும். விளக்கு வைக்கும் நேரத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், சூடு தெரியும். அங்கே குரோட்டன்ஸ் கருகும், காகிதப்பூவும் பிரண்டையும் செழிக்கும். பூச்சு வேலையில் சிந்திய சிமென்ட் மண்ணையும் அள்ளி வெளியே போடுங்கள். இட்லிப்பூச் செடி சுவரோரம் மஞ்சளாக வெளுப்பதற்குப் பல வீடுகளில் அதுவே காரணம்.

வீட்டுக்கும் காய்கறிப் பாத்திக்கும் நடுவே இடுப்பளவு மருதாணி வரிசை ஒன்று விடுங்கள். சின்ன இடமானாலும் ஒரே பார்வையில் முடிந்துபோகாது. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் ஓடிப் பார்ப்பார்கள்.

வரும்போது மனையின் நீள அகலம், திசை, தண்ணீர்க் குழாய் இருக்கும் இடம் மூன்றையும் ஒரு தாளில் வரைந்து கொண்டுவாருங்கள். உட்கார்ந்து பேசி முடிவெடுப்போம்.

இப்படிக்கு,
உங்கள் நர்சரியினர்