கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்க் கரையிலிருந்து

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். தீபாவளியன்று நீ தொலைபேசியில் "எல்லாரும் நல்லா இருக்கோம்மா" என்று சொன்னாய். மாப்பிள்ளையிடம் கொடு என்று நான் கேட்டு முடிப்பதற்குள் வைத்துவிட்டாய். வேலை அதிகம் போலிருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னேன். வேளைக்குச் சாப்பிடு.

மறுநாள் விடியற்காலையில் நானும் அப்பாவும் கொள்ளுகுடிப்பட்டிக்குப் போனோம். இந்த ஆண்டும் ஊரில் ஒரு வெடிகூட வெடிக்கவில்லை. வனத்துறையினர் தந்த இனிப்பில் மாமா எங்களுக்கும் எடுத்து வைத்திருந்தார். 1977-இல் வேட்டங்குடிச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்தக் கண்மாய்களில் கூடு கட்டும் பறவைகள் மிரண்டுவிடக் கூடாதே என்று, ஓர் ஊரே தன் பிள்ளைகளுக்கு மத்தாப்போடு போதும் என்று சொல்லி வளர்ப்பது எனக்கு இன்றைக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. நானும் அப்படி வளர்ந்தவள்தானே.

ஐப்பசி மழையில் பெரிய கண்மாய் பாதிக்குமேல் நிரம்பியிருக்கிறது. நீ முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த பைனாகுலரை அப்பா யாரிடமும் தருவதில்லை. எனக்கே கெஞ்சித்தான் கிடைத்தது. கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் வந்து இறங்கிவிட்டன. ஒன்று சுள்ளி கொண்டு வருகிறது, மற்றொன்று வாங்கிச் செருகுகிறது. செருகியது சரியில்லை என்றால் உருவி எடுத்து மறுபடியும் செருகுகிறது. பட்ட கிளையொன்றில் பாம்புத்தாரா இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தது. அதன் இறகில் நீர் ஒட்டிக்கொள்வதால்தான் இவ்வளவு நேரம் வெயில் காய்கிறது என்று பத்து வயதில் நீ எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். வகுப்பில் நான் முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தியவள். பறவைகளைப் பற்றித் தெரிந்ததெல்லாம் உன்னிடம் கற்றதுதான்.

வந்திருந்த சிலர் எல்லாவற்றையும் சைபீரியாப் பறவை என்று பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். நீ இருந்திருந்தால் திருத்தியிருப்பாய். நீருக்கு மேலே தாழப் பறந்த தகைவிலான்கள் வேண்டுமானால் வடக்கிலிருந்து வந்தவை. நத்தைகுத்தி நம் நாட்டுப் பறவை, எங்கே மழை பெய்து குளம் நிரம்புகிறதோ அங்கே போகும், வற்றினால் வேறிடம் தேடும். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

இருந்தாலும் நீ ஒரு கடிதமாவது எழுதியிருக்கலாம். படித்தவள், பத்துப் பேருக்கு வேலை சொல்லுகிறவள், பெற்றவளுக்கு நாலு வரி எழுத நேரமில்லை என்றால் எப்படி? இரவில் அதிக நேரம் விழித்திருக்காதே. வேளைக்குச் சாப்பிடு.

மடைக்குப் பக்கத்தில் நாம் கடைசியாக நின்ற இடத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அது தை மாதம், குஞ்சுகள் பெரிதாகியிருந்தன. தாய்க்கு அலகின் நடுவில் இடைவெளி இருக்கிறது, குஞ்சுக்கு இல்லை, வளர வளரத்தான் உண்டாகும் என்று நீ சொன்னாய். உச்சி வெயிலில் ஒரு நாரை இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்ததை இருவரும் பார்த்தோம். அதைப் பார்த்துக்கொண்டே நீ, "அம்மா, நான் கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டுமா?" என்று கேட்டாய். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. கையில் துணிப்பை இருந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாய் என்ற பயம். பெரியம்மா வீட்டுக்குத் தெரிந்தால் என்ன பேசுவார்கள் என்பதுதான் அப்போது என் மனத்தில் ஓடியது. முறுக்கும் அதிரசமும் கட்டிக் கொடுத்து, அன்று மாலையே மதுரைப் பேருந்தில் ஏற்றிவிட்டேன். சன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த நீ திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவுக்கு இதுவரை இது தெரியாது. மாப்பிள்ளைக்கு விடுப்பு இல்லை என்று பொய் சொன்னேன்.

நான் செய்தது தவறு, மகளே. அதற்குப் பிறகுதான் நீ எதற்கும் "நல்லா இருக்கேம்மா" என்று சொல்லத் தொடங்கினாய்.

பின்கட்டு அறைக்கு வெள்ளையடித்து, உன் கட்டிலை அங்கே போட்டிருக்கிறேன். கூடுகளில் குஞ்சு பொரிக்க இன்னும் நாளிருக்கிறது. நீ எப்போது வந்தாலும், எப்போது திரும்புகிறாய் என்று நான் கேட்கமாட்டேன்.

அன்புடன்,
அம்மா